வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சோப்பு

"கொதிக்க விடாதீங்கம்மா. உருகினா போதும்" என்றாள் கன்லயா.

புஸ்ஸபா அவசரமாக அடுப்பைத் தணித்தாள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் வெள்ளை சோப்புத் துண்டுகள் நெய் போல இளகிக்கொண்டிருந்தன. தாய்லாந்தில் சியாங்மாய் நகரை அடுத்த பெண்கள் சிறை அது. மற்றவர்கள் எல்லாரும் தையல் கூடத்துக்குப் போய்விட்டார்கள். கைத்தொழில் கொட்டகையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

சோப்பு செய்வதில் கன்லயா கெட்டிக்காரி. ஒரு காலத்தில் நகரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவள். அவளிடம் கற்றுக்கொண்டு வெளியே போன பெண்களில் சிலர் இப்போது சந்தையில் சோப்பு விற்கிறார்கள். இத்தனை நாள் எட்டிப் பார்த்ததோடு சரி, புஸ்ஸபாவுக்கு இப்போதுதான் ஆசை வந்திருந்தது. வெள்ளிக்கிழமையோடு இந்த இடத்தை விட்டுப் போகிறாள். லம்பாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போக அவளுக்கு மனம் வரவில்லை.

முதலில் செய்த சோப்பு முழுக்கக் குமிழி. யாரையோ அதட்டுவது போலக் கலக்கினால் அப்படித்தான் வரும் என்று கன்லயா சொன்னாள். அடுத்ததில், தாமரை அச்சில் இலைக்காக ஊற்றிய பச்சை சோப்பு இறுகுவதற்குள் பூவுக்கான வெள்ளையைப் புஸ்ஸபா சுடச்சுட ஊற்றிவிட்டாள். இரண்டும் கரைந்து பாசித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி உருக்க சோப்புக் கட்டியை வெட்ட வேண்டியிருந்தபோது கன்லயா கத்தியைத் தொடவில்லை. "நீங்களே வெட்டுங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"அக்கா வீட்ல எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க, இல்ல?"

"வான்னுதான் சொல்றா. அவ பேரப் பசங்கதான் பயப்படுதுங்களாம். ஜெயில்லேருந்து ஒரு பாட்டி வரப்போறாங்கன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க."

கன்லயா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க செஞ்ச சோப்பைக் கையில குடுங்க. பயம் போயிடும்."

இந்த மதிலுக்குள் வந்தபோது புஸ்ஸபாவுக்கு வயது இருபத்திரண்டு. அதற்குப் பிறகும் ஓரிரு முறை கல்யாணப் பேச்சு வந்தது. அவள் இருக்கும் இடத்தைக் கேட்டதும் அதோடு நின்றுபோனது. அம்மா இறந்தபோதுகூட, சிதை அணைவதற்குள் இங்கே திரும்பிவிட வேண்டியிருந்தது. இப்போது தலை முழுக்க வெள்ளை.

உருகியதில் இரண்டு சொட்டு மல்லிகை வாசனை விட்டு, இந்த முறை மெதுவாகக் கலக்கினாள்.

"எனக்குப் பயமா இருக்கு, கன்லயா" என்றாள் கிண்ணத்தைப் பார்த்தபடியே. "எப்ப எழுந்திரிக்கணும், எப்ப சாப்பிடணும்னு இங்க மணி அடிச்சுச் சொல்லிடுது. அங்க யாரு சொல்லுவா? வெறும் தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுக்கிற வீட்ல எனக்குத் தூக்கம் வருமான்னே தெரியல."

"வரும்மா. கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும். இங்க வந்த புதுசுல எனக்கும்தான் தூக்கம் வரல. அப்புறம் பழகிடுச்சு."

"இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருந்துக்கறேனேன்னு ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

கன்லயா, தாமரை அச்சில் ஊற்றியிருந்த பச்சை இறுகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, இப்போது ஊற்றலாம் என்று தலையசைத்தாள். புஸ்ஸபா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

ஆறிய பிறகு அச்சைக் கவிழ்த்தபோது இலை இலையாகவும் பூ பூவாகவும் வந்தது. ஓர் இதழ்கூட உடையவில்லை. புஸ்ஸபா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தன் கையால் ஒரு அழகான பொருள் செய்தோமா என்று யோசித்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

"காத்துப் பட்டா வேர்த்து ஈரமாயிடும்" என்று கன்லயா அதை மெல்லிய தாளில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள்.

மணி அடித்தது. இருவரும் அடுப்பை அணைத்துவிட்டு வராந்தாவில் சேர்ந்து நடந்தார்கள். கன்லயா தன் அறைக்குள் நுழைந்தாள். புஸ்ஸபா சோப்பை முகர்ந்தபடியே நடந்துகொண்டிருந்தாள். அக்காவின் பேரப் பிள்ளைகள் இதை வாங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதிலேயே அவள் மனம் இருந்தது.

"அம்மா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். திறந்து கிடந்த கம்பிக் கதவுக்குப் பின்னால் கன்லயா நின்றிருந்தாள்.

"சாவிக்கொத்தை இடுப்புல வச்சுக்கிட்டே என்னைப் பூட்டாமப் போறீங்களே. நீங்க ரிட்டயர் ஆக வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருக்கும்மா."