ஆற்றுக்கு வந்த மீன்கள்

"சார், உங்க தவலைக்குள்ள இன்னாமோ துள்ளுது!"

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குப் போகும் காலை பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்தார். மஞ்சள் துணியால் வாய் கட்டிய பித்தளைத் தவலையை இரண்டு கால்களுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டார் அரிகிருஷ்ணன்.

"கோயில் தீர்த்தம்ப்பா."

"தீர்த்தம் துள்ளுமா சார்?"

"ரோடு அப்டி இருக்குது. பஸ் குதிக்குது, அதுவும் குதிக்குது."

பஸ்ஸே சிரித்தது. அரிகிருஷ்ணனுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

அவர் சங்கராபரணி ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தின் ஓவர்சியர். இரண்டு வருஷமாக அந்த ஆறுதான் அவருக்கு எல்லாம். தூர் வாரி, கரை கட்டி, இரு பக்கமும் புங்கங்கன்று நட்டு, 'மீன் பிடிக்கக் கூடாது' என்று போர்டும் வைத்தாயிற்று. தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்த் தண்ணீரையே உற்றுப் பார்ப்பார். தவளை வந்தது. எங்கிருந்தோ நாரைகூட வந்தது. மீன் மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இன்றைக்கு மெட்ராஸிலிருந்து மதிப்பீட்டு அதிகாரி வருகிறார். அவருடைய படிவத்தில் ஒரு கேள்வி: 'ஆற்றில் மீன் திரும்பியதா?' இல்லை என்று எழுதிவிட்டால் திட்டம் அத்தோடு சரி. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நாற்பது பெண்களுக்கு வேலை போகும். கன்றுகளும் காயும்.

அதனால்தான் விடிந்ததும் அவலூர்பேட்டைச் சந்தைக்கு ஓடினார். செஞ்சியில் வாங்கினால் ஊரெல்லாம் பேசுமே! சந்தை ஓரத்தில் விருத்தாம்பாள் என்ற பெண், சட்டியில் உயிர் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் திடுக்கென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கம்மா புடிச்சது இது?"

"எங்கியோ கெடைச்சுதுங்கய்யா. குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

பேரம்கூடப் பேசாமல் சட்டியைத் தவலையில் கவிழ்த்தாள். சர்க்கார் ஆள் என்றால் தனி மரியாதைதான் என்று மீசையைத் தடவிக்கொண்டார் அரிகிருஷ்ணன்.

ஆற்றுப் பாலத்தில் இறங்கி, ஒரு மடுவில் தவலையைக் கவிழ்த்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி தொப்பையும் தொப்பியுமாகக் குதித்து இறங்கினார். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, கைவலையோடு நேரே தண்ணீருக்குள் போனார். முதல் வீச்சிலேயே வலை கனத்தது.

"ஓவர்சியர்! விராலய்யா! அடடா, கெளுத்தி!"

வலையைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கால் வழுக்கி, தொபீரென்று தண்ணீரிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பதினோரு ஆறு பாத்துட்டேன். ஒண்ணுலயும் ஒரு செதில்கூட இல்லை. உம்ம ஆறுதான்யா ஆறு!"

சொட்டச் சொட்ட எழுந்து வந்து அரிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டார். படிவத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

ஏமாற்றிவிடலாம் என்றுதான் அரிகிருஷ்ணன் நினைத்திருந்தார். ஆனால் இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷரை எப்படி ஏமாற்றுவது?

"எழுதாதீங்க சார். இதெல்லாம் நான் இப்பதான் கொண்டாந்து வுட்டேன். சந்தையில வாங்கினது."

பேனா நின்றது. அதிகாரியின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"சந்தையிலயா? யார்கிட்ட?"

அப்போதுதான் அடுத்த பஸ் பாலத்தருகே வந்து நின்றது. காலிச் சட்டியோடு இறங்கியவளைப் பார்த்ததும் அரிகிருஷ்ணனின் விரல் தானாக நீண்டது.

"அதோ, அந்தம்மாகிட்டதான் சார்!"

விருத்தாம்பாள் ஜீப்பைப் பார்த்தாள். அதிகாரியின் காலடியில் வலைக்குள் துள்ளிய மீனைப் பார்த்தாள். தன்னை நோக்கி நீண்டிருந்த விரலையும் பார்த்தாள். சட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கரையிறங்கி ஓடிவந்து, அதிகாரியின் ஈரக் காலில் விழுந்தாள்.

"தப்புதான் சாமி! ஓவர்சியர் ஐயா வர்றதுக்குள்ள, தெனம் இந்த ஆத்துலதான் புடிச்சேன்!"