சுண்டுகிற நேரம்

ஆறாவது மீனும் வந்தது, வாயைத் திறந்தது, ஈயைக் கவ்வியது, போய்விட்டது.

முழங்கால் தண்ணீரில் சின்ன மாப்பிள்ளை, தூக்கிய தூண்டில் கோலோடு, பஸ்ஸைத் தவறவிட்டவன் போல நின்றான்.

கரையில், மடக்கு நாற்காலியில் மாமனார். பதினாறு பை வைத்த மீன்பிடிச் சட்டை. பதினைந்து பை காலி, ஒன்றில் மாத்திரை. தூண்டிலைச் சுண்டுவது எப்படி என்று நூல் எழுதி, தன் அச்சகத்திலேயே அடித்து, முன்னுரையும் தானே எழுதிக்கொண்டவர்.

“கவ்வினதும் சுண்டக் கூடாது மாப்ளே. அது திரும்பி, வீட்டுக்குப் போற நெனப்புல கீழ எறங்கும் பாருங்க, அப்ப. முன்னால சுண்டினா அவசரக்குடுக்கை. பின்னால சுண்டினா தூங்குமூஞ்சி. நீங்க ரெண்டும்.”

பன்னிரண்டு மணிக்குள் ஒரே ஒரு மீன். பிடித்தால் திங்கட்கிழமை முதல் அச்சகத்தின் மேலாளர் நாற்காலி அவனுக்கு. முள்ளை ஏற்றத் தெரிந்தவனுக்குத்தான் ஆளை நடத்தத் தெரியும் என்பது மாமனாரின் சித்தாந்தம். அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டு வந்திருந்தான் சின்னவன்.

மூத்த மாப்பிள்ளை பக்கத்தில் நின்று ஈ கட்டிக்கொடுத்தான். தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ. பரீட்சைக்கு நிற்பவன் அதைத் தொடக் கூடாது; கை வாடை மீனுக்குத் தெரிந்துவிடுமாம். நூலில் மூன்றாம் அத்தியாயம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மூத்தவனும் இதே தண்ணீரில் நின்றான். நாலு மீன் வந்தது, நாலும் போயிற்று. அன்று முதல் அச்சகத்தின் பின்னறையில் மெய்ப்புத் திருத்துகிறான். வீட்டில் நாலு பேர் கூடினால் மாமனார் அந்தக் காட்சியை எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். அவன் மனைவிக்குத்தான் சிரிப்பு அடங்காது. அவனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் கோபக்காரன் என்று இன்னொரு பட்டம் வரும்.

ஏழாவது மீன் பெரியது.

சின்னவன் காத்தான். மீன் கவ்வியது. காத்தான். அது திரும்பிக் கீழே இறங்கியது. மணிக்கட்டை மட்டும் தூக்கினான். நூலாசிரியரே குறை சொல்ல முடியாத சுண்டல்.

கயிறு ஒரு நொடி விறைத்தது. பிறகு தொங்கியது.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியை மடக்கினார், கார் பக்கம் நடந்தார்.

சின்னவன் கரையேறினான்.

“அண்ணே, கரெக்டாத்தானே பண்ணேன்? எங்க தப்பு?”

மூத்தவன் கயிற்றை இழுத்து, ஈயை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டான். குத்தவில்லை.

குத்தாது என்று காலையிலேயே தெரியும். கண் மங்கி நூல் கோக்க முடியாமல் போனதால், மாமனார் இன்றுதான் முதன்முறையாக ஈப் பெட்டியை அவன் கையில் கொடுத்திருந்தார். பன்னிரண்டு ஈ. பன்னிரண்டிலும் முள்ளின் முனையை வளைவோடு நறுக்கி, அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தது. மூடியின் உட்புறம், அவர் கையெழுத்தில், இவன் கல்யாணமாகித் தண்ணீரில் நின்ற வருடம்.

கொடுக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை.

ஆறு வருடமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால், பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூண்டிலாகப் பிடித்து, மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருக்கிறான் மூத்தவன்.

சின்னவன் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் அவசரப்பட்டுட்ட, தம்பி” என்று மூத்தவன் அவன் தோளில் கை போட்டான்.

பின்னறையில் அலமாரியைச் சற்றுத் தள்ளி வைத்தால், இன்னொரு நாற்காலி தாராளமாகப் போடலாம்.