கல்லீரலுக்கு வந்த ஒத்தாசை

தணிகாசலம் என்று ஒருத்தர். ஈரல் கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவருக்குள்ளே இருந்த கல்லீரலுக்கோ உட்கார நேரமில்லை. யார் உள்ளே வந்தாலும் பிரித்து, சுத்தம் பண்ணி அனுப்புவது அதன் பாடு.

அன்று மதியம் பிரியாணியோடு மல்லுக்கட்டி முடித்து, சற்றே சாயலாம் என்று பார்த்தது. அதற்குள் கீழாநெல்லிப் பொடியும் மஞ்சள் மாத்திரையும் இடித்துக்கொண்டு வந்து நின்றன.

"அக்கா, உங்க ஒத்தாசைக்கு வந்திருக்கேன்," என்றது பொடி.

"அவ சரியான கசப்பு. உங்களுக்கு நான் ஒருத்தி போதும்," என்றது மாத்திரை.

"யாரு வேணும்னு நீங்களே சொல்லுங்கக்கா," என்றது பொடி.

கல்லீரலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? பொடியைப் பிரித்தது, மாத்திரையைப் பிரித்தது. பாதி வேலையில், "இன்னும் சொல்லலியே," என்று இரண்டும் நச்சரித்தன.

"ஒத்தாசைக்குன்னு வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான்தானே இலை போட வேண்டியிருக்கு. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வராம இருந்தா..."

அது சொல்லி முடிக்கவில்லை. ஈரலுக்கு எது நல்லது என்று இன்னும் தீர்மானிக்காத தணிகாசலம் மேலே வேறொரு டப்பாவைத் திறந்தார்.

"அடடா, ரொம்பச் சோர்ந்துட்டீங்களே அக்கா," என்றபடி வெளிநாட்டு கேப்ஸ்யூல் ஒன்று இறங்கி வந்தது. "நல்லவேளை, நான் வந்தேன்."