பன்னிரண்டு வயது செக்ரட்டரி

“வயசுக்கு அத்தாட்சி காட்டுங்க சார், தாரேன்” என்றார் பெட்டிக்கடை அய்யாதுரை.

மீன் ஏற்றும் ஆட்டோவை ஆழ்வார்பேட்டையில் ஓரங்கட்டிவிட்டு சோடா குடித்துக்கொண்டிருந்த கோபாலுக்குப் புரையேறிவிட்டது. சிகரெட் பாக்கெட் கேட்டு நின்றவர் எதிர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி வேதநாராயணன். தொப்பியும் மாஸ்க்குமாக வந்திருந்தாலும் தெருவுக்கே தெரிந்த ஆள். பேரன் எடுத்தவர்.

அய்யாதுரையையும் குறை சொல்ல முடியாது. போன மாதம் ஒரு ஸ்கூல் பையனுக்கு சிகரெட் விற்கும்போது போலீஸில் மாட்டிக்கொண்டார். பையன் ஓடிவிட்டான். இவருக்கு இருநூறு ரூபாய் அபராதம். இன்னொரு சட்டத்தில் ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே தள்ளலாம் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மனுஷன் யார் வந்தாலும் கார்டு கேட்கிறார்.

“உன்மேல போலீஸுக்குக் கம்ப்ளைண்ட் எழுதினதே நான்தான். நேக்கே சட்டம் சொல்றியா?” என்று வேதநாராயணன் ஆதாரை எடுத்து நீட்டினார்.

அய்யாதுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோபாலிடம் கொடுத்தார். கோபால் பார்த்தான்.

“இன்னா பெரிசு, பொறந்த வருஷம் ரெண்டாயிரத்துப் பதிமூணுன்னு போட்டுக்கீது? ஏழாங்கிளாஸா படிக்கிற?”

அச்சடித்தவன் செய்த தப்பு, ஐம்பத்துமூணு என்று இருக்க வேண்டியது, திருத்த நேரமில்லை என்று வேதநாராயணன் படபடத்தார். வழுக்கையைக் காட்டினார். பென்ஷன் வாங்குவதைச் சொன்னார். கடைசியில் மாஸ்க்கை இறக்கிப் பல் செட்டையே கழற்றிக் காட்டினார்.

“பல்லு சின்ன வயசுலயும்தான் விழும் சார்” என்றார் அய்யாதுரை. “கார்டுப்படி நீங்க சின்னப் பிள்ளை. உங்களுக்குத் தந்துட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?”

கோபாலுக்கே பாவமாகிவிட்டது. பெரியவர் கால் கடுக்க நிற்கிறாரே, ஒரு பாக்கெட்டைக் கொடுத்துத் தொலைத்தால்தான் என்ன, இவ்வளவு கெடுபிடி ஆகாது அண்ணாச்சி என்று அவனும் சொல்லிப் பார்த்தான். அய்யாதுரை அசையவில்லை. எந்த எஸ்.ஐ. வந்து கார்டைப் பார்த்தாலும் அதில் இருப்பது பன்னிரண்டு வயசுதானே என்றார்.

வேதநாராயணன் பல் செட்டை மாட்டிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

“பெரிய யோக்கியன் மாதிரி பேசறியே. இத்தனை நாளா என் பேரன் அஸ்வத் வந்து நின்னப்போ மட்டும் எந்தக் கார்டைப் பார்த்துக் கொடுத்தே?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கோபால் சோடா பாட்டிலை மெல்லக் கீழே வைத்தான்.

அய்யாதுரை குரலைத் தணித்தார்.

“கொடுத்தது என் தப்புதான் சார், இல்லேங்கல. கம்ப்ளைண்ட்ல உங்க கையெழுத்தை அன்னைக்கே எஸ்.ஐ. எனக்குக் காட்டினாரு. அப்புறம், ஓடிப்போன பையன் யாரு, எந்த வீடுன்னு மூணு தடவை கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்.”