பதில் குரல்

"மாப்ள, கேள்வி வந்துருச்சு. சீக்கிரம் வா."

நல்லமுத்து கொம்பியூட்டர் முன்னாலிருந்து துள்ளி எழுந்து, அதே கதிரையில் வினோஜனைப் பிடித்து அமுக்கினான். ஓடிப்போய் வினோஜன் நடத்தும் நெட் கபேயின் கதவைத் தாழிட்டான். ஹட்டன் கடைத்தெருவில், பட்டப்பகலில், ஓர் ஆள்மாறாட்டம் நடந்துகொண்டிருந்தது.

மறுமுனையில் தயானி. கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பெனியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. நேர்முகத் தேர்வு முழுவதும் சாட்டில், ஆங்கிலத்தில். முகமும் தெரியாது, குரலும் கேட்காது. அதனால்தான் நல்லமுத்துவுக்கு இப்படியொரு யோசனையே வந்தது. பெயர் அவனுடையது, விரல் வினோஜனுடையது.

மாட்டினால் வேலை போகும். 'என் மகன் கொம்பியூட்டர் எஞ்சினியர்' என்று அப்பா கொட்டகலை பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதை நம்பித்தான் வினோஜனின் அக்கா சுலக்ஷனாவை நல்லமுத்துவுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போகும்.

"என்ன கேக்குறா?"

வினோஜன் திரையைப் பார்த்தான். "டைம் அவுட்னா எது? புரொக்ஸியோட இணையிறதுக்கா, இணைஞ்ச பிறகு பதில் வர்றதுக்கான்னு கேக்குறா. நல்ல கேள்வி மச்சான்."

"நல்ல கேள்வியா? மொதல்ல பதிலப் போடு."

வினோஜன் சாவகாசமாகத் தட்டினான். ஒரே ஒரு டெலிபோன் லைனை ஐந்து கொம்பியூட்டருக்குப் பங்கு வைக்கும் புரொக்ஸி புரோகிராமைத் தானே எழுதியவன். அந்தப் பெருமையைத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் பேசித் தீர்த்தவன். இப்போது அடக்கம் எங்கிருந்து வரும்?

"ரெண்டுக்கும் தனித்தனியா டைம் அவுட்டுன்னு போட்டுவிட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் வெளங்குச்சா?"

"இல்ல."

"தோட்டத்துல விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கண்டாக்கையா பேர் கூப்பிடுறாரு. ஆளைக் காணோம். பக்கத்துல நிக்கிறவன் 'இந்தா வந்துகிட்டிருக்கான்'னு குரல் குடுக்கிறான். அவன்தான் புரொக்ஸி."

"டைம் அவுட்?"

"குரல் குடுக்கிறவனே வாயத் தொறக்கலன்னா அது ஒரு டைம் அவுட். அவன் தொறந்துட்டான், வர்றேன்னவன் வரலன்னா அது இன்னொண்ணு. அதுக்காக கண்டாக்கையா நாள் பூரா நிப்பாரா? பேரை வெட்டிட்டு மலைக்குப் போயிருவாரு." வினோஜன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நீங்க எப்படி மச்சான் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அக்காகிட்ட மூச்சு விட்றாத மாப்ள."

அந்த நேரத்தில் திரை உறைந்தது.

"போச்சு. மேல வீட்டுல அம்மா போனத் தூக்கிட்டாங்க, லைன் அறுந்துருச்சு." வினோஜன் மாடிப்படியில் பாய்ந்தான்.

நல்லமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நிமிடம் பேச்சில்லாமல் போனால் தேர்வு ரத்து. அது கம்பெனி விதி. ரத்தானால் என்ன நடந்ததென்று கொழும்பிலிருந்து போன் போட்டு விசாரிப்பார்கள். வாயைத் திறந்து பேச வேண்டிவந்தால் நல்லமுத்துவின் கதை அத்தோடு முடிந்தது.

மாடியிலிருந்து குரல்கள் இறங்கி வந்தன.

"வச்சிடுங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன்."

"இருடா, மஸ்கெலியா சித்திக்கு இப்பத்தான் லைன் கெடைச்சிருக்கு. அவளுக்கு மூட்டு வலியாம்."

"மூட்டு வலி நாளைக்கும் இருக்கும்மா."

"நீ பெத்தவளையே வெட்டிவிடுறவன்தானே."

டக்கென்று ரிசீவர் விழுந்த சத்தம். மோடம் கீச்சிட்டுக் கத்தி அடங்கியது. திரைக்கு உயிர் வந்தது. வினோஜன் வரவில்லை. தாய் மறுபடி தூக்கிவிடாமல் போனுக்குக் காவல் நின்றான்.

தயானியின் வரி காத்துக்கொண்டிருந்தது. 'இருக்கிறீர்களா? புரொக்ஸி பதில் சொல்கிறது. அதற்கு அப்பால் உள்ள சேவர் கொம்பியூட்டர் பதில் சொல்லவில்லை. அப்போது?'

நல்லமுத்து குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே விடயத்தைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினான். 'ஒருவனுக்காகத் தோட்டம் காத்திருக்காது. பேரை வெட்டிவிட்டு மலைக்குப் போக வேண்டும்.'

மறுமுனையிலிருந்து முதலில் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. முதல் வகுப்பே தடுமாறிப்போனது தெரிந்தது.

'எந்த மொழியில்?' என்று கடைசியில் கேட்டாள்.

'தமிழ்' என்று தட்டினான் நல்லமுத்து.

இம்முறை இரண்டு கேள்விக்குறிகள் வந்தன. வினோஜன் மூச்சிரைக்க இறங்கி வந்து, எட்டிப் பார்த்து, தலையில் கைவைத்தான்.

"மச்சான், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன்."

வினோஜன் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். நகைச்சுவை என்று ஒரு வரி, மன்னிக்கவும் என்று ஒரு வரி, உண்மையான புரோகிராம் மொழியின் பெயர் ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மளமளவென்று ஓடியது. நல்லமுத்து சுவரோடு சாய்ந்து நின்று நகத்தைக் கடித்தான்.

கடைசியில் 'மிக்க நன்றி' என்று தயானியிடமிருந்து வந்தது. எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"பாஸ்தானே மச்சான்?"

"பாஸ் இல்லாம என்ன மாப்ள?" நல்லமுத்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கம்பீரமாகக் கதிரையில் அமர்ந்தான்.

'தயானியை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், அடிப்படை கொஞ்சம் பலவீனம்' என்று கொழும்புக்கு ஒரு மெயில் தட்டிவிட்டான், திருவிழா லீவில் வந்த இடத்திலும் கடமை தவறாத கம்பெனியின் தலைமைத் தேர்வு அதிகாரி நல்லமுத்து.