மேற்குப் பக்கத்து அசகுரா

“மேஸ்திரி, அந்தக் கல்லு எனக்குத்தான்னு போன வருஷமே சொல்லி வச்சிருக்கேன். இப்பப் பேச்சு மாறக் கூடாது!”

துளை இயந்திரத்தின் இருக்கையில் இருந்தபடியே கத்தினான் நொபுயா.

“உன் பையன் பரீட்சையில கோட்டை விட்டா அடுத்த வருஷம் எழுதிக்குவான். என் பொண்ணு, அடுத்த வருஷம் பெத்துக்கிறேன்னு சொல்ல முடியுமாடா?” என்றார் யசுகிச்சி மேஸ்திரி.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நொபுயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புல்லட் ரயிலுக்காக நான்கு வருஷமாக அந்த மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறார்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் விழும் முதல் கல் கையில் இருந்தால் பரீட்சை தேறும், பிரசவம் சுகமாகும் என்பது சுரங்கத்துக்காரர்களின் நம்பிக்கை. மேஸ்திரியின் மகளுக்கு முப்பத்தொன்பது வயதில் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி போய் நான்கு நாள் ஆகிறது. மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் தவிக்கிறார். அதற்கு மேல் அடம் பிடிக்க நொபுயாவுக்கு மனசு வரவில்லை.

“சரி, நீங்களே எடுத்துக்குங்க. பொண்ணு ஆஸ்பத்திரியிலயா இருக்கு?”

“எங்க! வீட்ல கிடடீன்னா கேட்டாத்தானே? வயித்தைத் தூக்கிக்கிட்டு வேலை வேலைன்னு ஓடுறா. பிடிச்ச பிடிவாதம்.”

“அது யாரு கிட்டருந்து வந்துச்சோ!”

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு.”

மேஸ்திரியின் கண் சுவரிலிருந்த தொலைபேசிக்குப் போனது. காலையிலிருந்து இருபது தடவையாவது பார்த்திருப்பார்.

அது மலைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தோடு பேசுவதற்கென்றே வைத்த தொலைபேசி. தினமும் காலை ஏழு மணிக்கு மேற்குப் பக்கத்து இன்ஜினியர் அசகுராவிடமிருந்து அழைப்பு வரும். மேஸ்திரி வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். “சுரங்கம் சாய்ஞ்சிருக்கிறது உங்க பக்கம்தான்! நான் பாறை உடைக்க வந்தப்ப நீ பொறக்கவே இல்ல!” என்று சுரங்கமே அதிரக் கத்திவிட்டு டொக்கென்று வைப்பார். நான்கு வருஷமாக இதே கூத்துதான். அசகுராவை நொபுயாவோ மற்ற ஆட்களோ கண்ணால் பார்த்ததில்லை.

“இன்னிக்கு அந்த ஆளு போனே பண்ணலையே. நிம்மதிதானே மேஸ்திரி?”

மேஸ்திரி இரண்டு முறை கைதட்டி மலைத்தேவியைக் கும்பிட்டார். அந்த விஷயத்தில் அவர் பழைய காலத்து ஆள். போன மாதம் படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரப் பெண்ணை, “பொம்பள உள்ள வந்தா தேவிக்குப் பொறாமை வந்து பாறையை இறக்கிடும்மா” என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

“நொபுயா, ஓட்டு!”

இயந்திரம் உறுமியது. இன்று போடுவது கை நுழையும் அளவுக்கு ஒரு சோதனைத் துளைதான். முக்கால் மணி நேரம் முரண்டு பிடித்த பாறை, திடீரென்று விட்டுக்கொடுத்தது. அவன் அவசரமாகக் கம்பியை உருவினான். துளை வழியே ஜில்லென்று காற்று வந்து முகத்தில் அடித்தது.

அந்தப் பக்கத்துக் காற்று!

தலைக்கவசங்கள் மேலே பறந்தன. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். துளையிலிருந்து உருண்டு வந்த கட்டைவிரல் அளவுக் கல்லை மேஸ்திரி இரண்டு கையாலும் ஏந்தித் துடைத்தார்.

“ஜீப்பை எடுக்கட்டுமா மேஸ்திரி? பொண்ணு எந்த ஊரு?”

“மலைக்கு அந்தப் பக்கம். பனியில சுத்திப் போக நாலு மணி நேரமாகும்டா.”

சொல்லிவிட்டு மேஸ்திரி துளையில் வாயை வைத்தார். “ஏய், மேற்குப் பக்கம்! அசகுராவைக் கூப்பிடுங்க!”

நொபுயா திகைத்துப் போனான். அந்த ஜென்ம விரோதியிடமா கல்லைக் கொடுத்து மகளிடம் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறார்? பெற்ற பாசம் மனுஷனை எவ்வளவு தூரம் இறங்கி வர வைக்கிறது என்று நினைத்து அவனுக்கு மனசு இளகியது.

துளை வழியே ஒரு குரல் உற்சாகமாக வந்தது.

“இன்ஜினியர் ஆஸ்பத்திரியில இருக்காங்க மேஸ்திரி! இப்பத்தான் சேதி வந்துச்சு. பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சுகம்! ‘இனிமேலாவது எங்கப்பாவைப் போன்ல கத்தாம பேசச் சொல்லுங்க, பாப்பா தூங்கணும்’னு சொல்லச் சொன்னாங்க!”