தரையில் ஒரு பனிமலை

"டிவியை எவனாவது தரையில மல்லாக்கப் போட்டுப் பார்ப்பானா? உன் புருஷனுக்கு என்னடி ஆச்சு?"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்த உர்சுலா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தங்கை செரீனாவுக்கு முகம் சுருங்கிப் போனது. இடுப்பில் இருந்த கைக்குழந்தை காலேப், பல் முளைக்கிற எரிச்சலில் அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கூடத்தின் நடுவில் லியோனல். நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை அகட்டி, நடுவே கிடந்த டிவியைக் குனிந்து பார்த்து விளையாடிக்கொண்டிருந்தான். திரை முழுக்க வெள்ளைவெளேரென்று மலை. அதன் உச்சியில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொம்மை.

"தெருவுல தார் உருகுது. இங்க பனி கொட்டுதா?" என்றாள் உர்சுலா. "என்ன கேம் தம்பி இது?"

"பனிச்சறுக்கு அக்கா. இதுல வேலியே கிடையாது. எந்த மலையில வேணும்னாலும் ஏறலாம், எந்த விளிம்புலேருந்தும் குதிக்கலாம்." அவன் தலை நிமிரவில்லை. "பள்ளத்தப் பாருங்க, நிஜம் மாதிரி இல்ல?"

"அந்த ஊர்ல வேற யாரும் இல்லியா?"

"இல்ல. கதை கிடையாது, பேச ஆள் கிடையாது. மலை மட்டும்தான்."

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. நீ எப்ப போற?"

பொம்மை குதித்தது, பாறையில் மோதி உருண்டது. மறுநொடியே உச்சியில் வந்து நின்றது.

லியோனல் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லோரிமேல் இறக்குகிற வேலை. முதுகுவலி என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கி, விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தவன், இந்த கேமை விட்டு எழுந்திருக்கவில்லை.

செரீனா அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"முதுகுவலிங்கிறாரு. ஆனா காலையிலேருந்து குனிஞ்சேதான் உட்கார்ந்திருக்காரு. கேட்டா சிரிச்சு மழுப்புறாரு. எனக்கு பயமா இருக்குக்கா. வேலை போயிருச்சுன்னா இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

"கான்வென்ட்ல சிஸ்டர் முன்னால நின்ன மாதிரி இன்னும் நடுங்கிக்கிட்டிரு. அந்த கேம் டப்பாவத் தூக்கி ஜன்னல் வழியா வீசுடி. முதுகும் சரியாகும், மண்டையும் சரியாகும்."

"அது நம்ம சாமான் இல்லக்கா. கூட வேலை செய்ற திருச்செல்வம் அண்ணன் குடுத்தது."

"கெடுக்கிறதுக்கு ஆள் வேறயா? என் கண்ணுல படட்டும் அவரு!"

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார், கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு.

உர்சுலா முந்திக்கொண்டாள். "நீங்கதானா அந்தப் புண்ணியவான்? பிள்ளை குட்டிக்காரனுக்கு விளையாட்டுச் சாமான் குடுத்திருக்கீங்களே, நல்லாயிருக்கா இது?"

"திட்டுங்கக்கா, பரவால்ல," திருச்செல்வம் சிரித்தார். "என் வீட்ல வாங்காத திட்டா?" பிறகு லியோனல் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, தலைசுத்தல் நின்னுச்சா? வியாழக்கிழமை ஏறிருவியா?" என்றார்.

"தலைசுத்தலா?" செரீனா கேட்டாள். "முதுகுவலின்னுதானே..."

திருச்செல்வத்தின் சிரிப்பு நின்றது. "அலாமா! வீட்ல சொல்லலியா நீ?"

லியோனல் அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"அன்னிக்கு கிரேன் மேல இருக்கும்போது திடீர்னு பெருங்காத்து. பெட்டி அந்தரத்துல தொங்குது. கீழ பார்த்தேன், கை கால் ஓடல. ரெண்டு பேர் ஏறி வந்து என்னைப் பிடிச்சு இறக்குனாங்க. வியாழக்கிழமை மறுபடியும் ஏறி ஓட்டிக் காட்டணும். முடியலன்னா, இனிமே கிரேன் இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பிள்ளை தும்முனாலே நீ தூங்க மாட்ட. எனக்கும் பயமா இருக்குன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சரி, அதுக்கு டிவிய ஏன் தரையில..." உர்சுலா இழுத்தாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"எங்க கிரேன் கேபினுக்குத் தரையே கண்ணாடிதான்கா," என்றார் திருச்செல்வம். "காலுக்கு நடுவுல கீழ பார்த்துக்கிட்டேதான் வேலை. தொங்குற பெட்டி, அதுக்கும் கீழ தீப்பெட்டி மாதிரி லோரி. அந்தப் பள்ளத்தப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பழகணும். எனக்கும் ஒருதடவ இப்படி ஆச்சு. இந்த மலையிலேருந்து குதிச்சுக் குதிச்சுத்தான் திரும்ப மேல போனேன்."

செரீனா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நேத்தைக்கு இன்னிக்குத் தேவல. விளிம்புல நின்னு கீழ பார்க்க முடியுது." கொஞ்சம் தயங்கினான். "ஒரு குறைதான். மேல காத்தடிச்சா கேபினே ஆடும் லா. இங்க நாற்காலி அசையாம கிடக்குது."

உர்சுலா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அதன் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள்.

"நான் ஆட்டுறேன் தம்பி. நீ கீழ பாரு."